கார் மாப்பிள்ளை

மட்டுவில்,
3.9.1991

மதிப்புக்குரிய திரு. சீவரத்தினம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டு திடுக்கிட வேண்டாம். மட்டுவில் புகையிலை வியாபாரி நமசிவாயத்தின் மகள் ஞானாம்பிகை எழுதுகிறேன். இருபத்துநாலு வருடத்துக்கு முன் நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தீர்கள். வந்து, பெண்ணைப் பார்க்காமல் முற்றத்தில் நின்ற மொறிஸ் மைனரைப் பார்த்தீர்கள். பொனற்றைத் திறந்து இலக்கம் பார்த்தீர்கள். பிறகு பட்டு வேட்டியோடு காருக்குக் கீழே புகுந்தீர்கள். வெளியே வந்தபோது வேட்டி முழுக்கக் கிறீஸ். "தம்பி, பொம்பிளை பிடிச்சிருக்கோ?" என்று தரகர் கேட்டார். "உந்தப் பெயின்றை மட்டும் மாத்திப்போடாதேங்கோ" என்றீர்கள். அப்பா அடுத்த கிழமையே காருக்குக் கறுப்பு அடித்துவிட்டார்.

பழைய கோபத்தைக் கிளற நான் எழுதவில்லை. எனக்கு அந்தக் கார் ஓட வேண்டும்.

நான் பதினெட்டு வருடமாக இந்தப் பகுதிக்கு மருத்துவமாது. கல்யாணம் கட்டவில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். போன மாதம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்திச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் என் கையிலேயே போய்விட்டாள். இருபத்தொரு வயது. ஊரில் ஓடின இரண்டு காரும் இப்போது வேறு ஆட்களுக்காக ஓடுகின்றன. யாருக்கென்று எழுதமாட்டேன்.

இப்போது யசிந்தா என்று ஒருத்தி இருக்கிறாள். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவள். முதல் பிள்ளையை வயிறு வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டாவது மாசிக் கடைசியில். நோவு கண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கார் பத்து வருடமாக மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே கிடக்கிறது. ஆகவே ஒருவர் கண்ணிலும் படவில்லை. தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கதிரவேலு பார்த்துவிட்டு, "அக்கா, எஞ்சின் சீவனோடைதான் கிடக்கு" என்றான். பிறேக் றப்பர் நாலு சில்லுக்கும் வேண்டும். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் வைக்கும் செப்புத் தகடு, ஹெட் கஸ்கெற், இரண்டு வேண்டும். இங்கே ஒன்றும் கிடையாது. உங்கள் விலாசத்தை மருதனார்மடம் ஆழ்வாப்பிள்ளை ஐயாவின் மகள் அனுப்பினா. உங்களுக்குப் பக்கத்துத் தெருவாமே.

அந்தக் காரை அக்கறையோடு பார்த்த ஒரே ஆள் நீங்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

இப்படிக்கு,
ந. ஞானாம்பிகை


ஈஸ்ட் ஹாம், லண்டன்,
14.10.1991

திருமதி அல்ல, செல்வி ஞானாம்பிகை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் என் மனைவி சிவக்கொழுந்து பறித்து வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. பட்டு வேட்டிக் கதையை நான் இத்தனை வருடம் அவவுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் பகிடியாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. 'கார் மாப்பிள்ளை' என்ற பட்டம் கொழும்பில் நான் வேலை செய்த கந்தோர்வரை என்னைத் துரத்தி வந்தது. அதைக்கூடப் பொறுக்கலாம். உங்கள் தகப்பனார் தரகரிடம் சொல்லியனுப்பிய வார்த்தை வேறு: "கை சுத்தமில்லாத பகுதியோடை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்." நாங்கள் உங்கள் வீட்டில் ஒரு வெற்றிலைகூட எடுக்கவில்லை. எதற்காக அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் அம்மா அதன்பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. அந்தச் சொல்லோடுதான் எண்பத்திரண்டில் கண்ணை மூடினார்.

சரி, கார். நான் கீழே புகுந்ததற்குக் காரணம் சொல்லுகிறேன். பத்து லட்சமாவது மொறிஸ் மைனர் செய்தபோது அதன் ஞாபகமாக முன்னூற்றைம்பது கார்களைத்தான் அந்தக் கத்தரிப்பூ நிறத்தில் செய்தார்கள். வெள்ளைத் தோல் சீற், கறுப்புக் கரை. பின்மூடியில் மைனர் என்ற பெயரோடு ஒன்றும் ஆறு பூச்சியமும் போட்ட வெள்ளித் தகடு. தலவாக்கலைத் தோட்டத்துத் துரை கப்பலில் கொண்டுவந்து, நாட்டை விட்டுப் போகும்போது உங்கள் தகப்பனாருக்கு விற்றது அதில் ஒன்று. சட்ட இலக்கத்தின் கடைசி மூன்று எண் 217. சரியா என்று பாருங்கள்.

ஆகவே எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. வேறு காரின் சாமானை அதில் பூட்டக் கூடாது. மண்ணெண்ணெய் விடக் கூடாது. கறுப்பைச் சுரண்டி முன்னைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். கஸ்கெற் ஒன்றுதான் அனுப்புவேன். ஒரு எஞ்சினுக்கு ஒரு தலைதான். இரண்டாவது எதற்கு?

பின்மூடித் தகடு இருக்கிறதா? உலகத்தில் அதுதான் இப்போது கிடைக்காத சாமான்.

சி. சீவரத்தினம்


மட்டுவில்,
20.11.1991

சீவரத்தினம் அவர்களுக்கு,

217 சரி. கதிரவேலு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வாசித்துக் காட்டினான். இருபத்துநாலு வருடம் ஒரு இலக்கத்தை மனதில் வைத்திருக்கிற மனிதனை என்னவென்று சொல்வது!

கதவின் உள்பக்கம் கத்தியால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே அந்த நிறம் அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர்க் கத்தரித் தோட்டத்தில் காலையில் பூ விரிந்தால் எப்படியோ அப்படி. சந்தோசப்படுங்கள். ஆனால் வெள்ளைத் தோல் சீற்றில் மூன்று தலைமுறைக் கோழி அடைகாத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் நிபந்தனைகள். அண்ணை, நீங்கள் எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள்? இங்கே பெற்றோல் என்பது சின்ன மருந்துப் போத்தலில் வைத்துப் பூட்டுகிற சாமான். கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளப்ப வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதற்குத்தான் இரண்டு கஸ்கெற். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் தலை கொஞ்சம் உயரும், உள்ளே அமுக்கம் குறையும், மண்ணெண்ணெய் முட்டாமல் எரியும். ஒன்று வைத்தால் மேட்டில் ஏறாது, கொல்லன் பட்டறை மாதிரி அடிக்கும் என்று கதிரவேலு தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் அப்படித்தான்.

பெற்றோல் தாங்கி கறள் பிடித்து ஓட்டை. ஆகவே எங்கள் கிணற்றுப் பம்பின் தாங்கியைக் கழற்றிக் காரின் கூரையில் கட்டப்போகிறோம். இதை வாசித்து உங்களுக்கு நெஞ்சு நோகும் என்று தெரியும். நோகட்டும். அது முன்னூற்றைம்பதில் ஒன்றாக இருக்கலாம். யசிந்தா ஒருத்திதான் இருக்கிறாள்.

அவளுக்கு இப்போது ஐந்தரை மாதம். கால் வீங்குகிறது. புருசன் அடைக்கலநாதன் நல்லவன், ஆனால் பயந்தவன். "கார் எப்ப அக்கா கிளம்பும்?" என்று தினமும் வந்து கேட்கிறான். மாசிக்கு முன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் அம்மாவைப் பற்றி வாசித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. தகடு இல்லை. அதைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம்.

ஞானாம்பிகை


ஈஸ்ட் ஹாம்,
28.12.1991

ஞானாம்பிகை அவர்களுக்கு,

இனிச் சாமான்களின் பெயரைத் தபாலில் எழுதக் கூடாது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வடக்குக்குத் தடைசெய்த பொருட்களின் பட்டியலைச் சொன்னார். தீப்பெட்டி, பற்றறி தொடங்கி எல்லாமே இருக்கிறது. உங்களுக்குக் குறிப்பறியும் புத்தி உண்டு என்று நம்பி எழுதுகிறேன்.

மகளிடம் வந்து நின்ற ஆழ்வாப்பிள்ளை ஐயா தை ஐந்தாம் திகதி ஊருக்குத் திரும்புகிறார். அவர் கையில் யசிந்தாவுக்கு ஒரு ரின் பால்மா கொடுத்திருக்கிறேன். பெரிய ரின். அடிவரை கரண்டி விட்டு அள்ளவும். உங்களுக்கு ஒரு முருகன் படம், கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தது. மழைக்குப் படத்தின் முதுகில் ஈரம் பிடிக்கும். கிடைத்தவுடன் முதுகுப் பலகையைக் கழற்றித் துடைக்கவும். ஐயாவுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுவார்.

நீங்கள் கேட்டபடி இரண்டு முருகன் அனுப்பவில்லை. ஒரு முருகன்தான். என் கொள்கையை மாற்றமாட்டேன். அந்தக் காரைச் செய்தவன் ஒன்று என்றுதான் கணக்குப் பண்ணிச் செய்தான்.

இந்த ஒன்றுக்காக ஏழு ஞாயிற்றுக்கிழமை பழைய காருடைக்கிற யாட் எல்லாம் அலைந்தேன். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, பகலில் சேற்றுக்குள் நடை. எனக்கு அறுபது வயதானாலும் இந்தப் பைத்தியம் தீராது என்கிறா சிவக்கொழுந்து. "ஆர் வயித்திலை என்ன கிடக்கெண்டு பாராமல் கொள்கை கதைக்கிறியள்" என்று மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை.

தகட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றீர்கள். சரி. ஆனால் 'இல்லை' என்றால் காணாமல் போனதா, விற்றதா? அதையாவது சொல்லலாம்.

சீவரத்தினம்


மட்டுவில்,
16.2.1992

சீவரத்தினம் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் நம்பிக்கையான கையால் கொழும்புக்குப் போய் அங்கேதான் தபாலில் சேரும். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பால்மா வந்தது. அடிவரை அள்ளினேன், பிறேக் றப்பர் எட்டும் கிடைத்தன. மாவை யசிந்தா குடிக்கிறாள். படம் வரவில்லை.

ரின்னைக் கொண்டுவந்த பெடியனிடம் கேட்டால், "படம் ஐயா வீட்டைதான் இருக்கு" என்றான். பன்னிரண்டு கட்டைத் தூரம் சைக்கிள் உழக்கி மருதனார்மடத்துக்குப் போனேன். உங்கள் முருகன் ஆழ்வாப்பிள்ளை ஐயாவின் சாமி அறையில் நடுநாயகமாக இருக்கிறார். செவ்வரத்தம்பூ மாலை, சந்தனப் பொட்டு, தூண்டாமணி விளக்கு. ஐயா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நானும் கைகூப்பி நின்றேன், வேறென்ன செய்வது?

நடந்தது இதுதான். வவுனியாவில் சோதித்த ஆமிப் பெடியன் படத்தைப் பார்த்து, சிங்களவரும் கும்பிடுகிற கதிர்காமத்துத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். நீரேரியை வள்ளத்தில் தாண்டும்போது மேலே ஹெலி வந்து சுட்டது. ஐயா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய வள்ளத்தில் ஒருவருக்கும் கீறல் இல்லை. "முருகன் என்னட்டைத்தான் இருக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டான் பிள்ளை. உனக்கு இதைவிடப் பெரிசாப் பிள்ளையார் படம் ஒண்டு தாறன், கொண்டு போ" என்றார்.

கதிரவேலு களவாக எடுப்போம் என்று யோசனை சொல்லியிருந்தான். எனக்கு மனம் வரவில்லை. களவென்ற சொல்லே இப்போது எனக்கு நெருப்பு மாதிரி. உள்ளதைச் சொன்னேன். படத்துக்குப் பின்னால் கார்ச் சாமான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஒரு தாயும் பிள்ளையும் போய்விடும் என்று. ஐயா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் இரும்புக்கோ கற்பூரம் காட்டினனான்?"

"இரும்பில்லை ஐயா. செம்பு."

"செம்போ?" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "செம்பெண்டால் தோசமில்லை. கோயில் கலசமும் செம்புதானே."

கால் கழுவி வந்து படத்தை இறக்கினார். முதுகுப் பலகையைத் தானே கழற்றினார். பொட்டலத்துக்கு விபூதி பூசி, என் கையில் தந்தார். "திருநீறு அழியாமல் பூட்டச் சொல்லு" என்றார். முருகன் திரும்பவும் ஆணியில் ஏறிவிட்டார். அவர் அங்கேயே இருக்கட்டும்.

வாசலில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் ஒன்று. முருகனுக்குப் பின்னால் இரண்டு.

நான் தெருவில் நின்று சிரித்தேன், சீவரத்தினம் அவர்களே. கண்ணீர் வரச் சிரித்தேன். கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்ததா? இரண்டையும் கதிரவேலு விபூதியோடே பூட்டிவிட்டான். இன்னும் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கவில்லை. இருக்கிற பெற்றோல் ஒரு தரம் கிளப்பத்தான் போதும். அந்த ஒரு தரம் யசிந்தாவுக்காக இருக்க வேண்டும்.

ஞானாம்பிகை


மட்டுவில்,
9.3.1992

சீவரத்தினம் அவர்களுக்கு,

ஓடியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஓடியது!

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு அடைக்கலநாதன் வேலி பாய்ந்து ஓடிவந்தான். நாள் இன்னும் பத்து இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது நோவோடு இரத்தமும் போகத் தொடங்கியிருந்தது. கதிரவேலுவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினேன்.

வைக்கோலை வாரி எறிந்து காரை ஒழுங்கைக்குத் தள்ளினோம். கதிரவேலு முன்னால் நின்று கைபிடியைச் சுழற்றினான். நான் சேலைன் குழாயைத் திறந்து பெற்றோலைச் சொட்டவிட்டேன். முதல் சுற்றில் இருமியது. இரண்டாம் சுற்றில் ஒன்றுமில்லை. போத்தலில் மூன்று விரல் பெற்றோல்தான் மிச்சம். மூன்றாவது சுற்றில் பிடித்தது. ஐந்து நிமிடம் சூடேற்றி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடியது. முட்டவில்லை, அடிக்கவில்லை, தையல் மெசின் மாதிரி ஓடியது. உங்கள் இரண்டு கஸ்கெற்றும் வாழ்க.

ஓட்டியது நான்தான். அப்பா பழக்கியது. யசிந்தா பின்சீற்றில், தலை அடைக்கலநாதன் மடியில். சந்தியில் திரும்பும்போது பழைய பழக்கத்தில் சுவிச்சைத் தட்டிவிட்டேன். திரும்பும் பக்கம் காட்டும் கைகாட்டி காரின் பக்கத்திலிருந்து விசுக்கென்று வெளியே வந்து செம்மஞ்சளாக எரிந்தது. முன்னால் சைக்கிளில் போனவர் பயந்து வேலிக்குள் விழுந்தார்.

பாதி வழியில் ஹெலிச் சத்தம். ஒரு புளியமரத்துக்குக் கீழே ஒதுக்கினேன். "அக்கா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ, சத்தம் கேக்கும்!" என்று அடைக்கலநாதன் கத்தினான். நிறுத்தினால் திரும்பக் கிளப்பப் பெற்றோல் இல்லை. "நிப்பாட்டமாட்டன்" என்றேன். யசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டாதேங்கோ அக்கா" என்றாள். கறுப்புக் கார் மரநிழலோடு நிழலாக நின்றது. அப்பா கோபத்தில் அடித்த கறுப்புத்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அந்த நிறம் மாறாமல் இருந்திருந்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கத்தரித் தோட்டத்தில் பூ விரிந்தது போலத் தெரிந்திருக்கும்.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி வாசல். பன்னிரண்டு மணிக்குள் மேசையில் கிடத்திவிட்டார்கள். பெண் பிள்ளை. ஆறு இறாத்தல். தாயும் சுகம். டொக்டர் வெளியே வந்து, "இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்னட்டைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

நான் போய்க் காருக்குள் இருந்து அழுதேன். போன ஆவணியில் கரியரில் செத்தவளுக்கும் சேர்த்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போகப் பெற்றோல் யாரிடம் கிடைக்கும் என்று தேடப் போனேன்.

ஞானாம்பிகை


ஈஸ்ட் ஹாம்,
20.4.1992

ஞானாம்பிகை அவர்களுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சிவக்கொழுந்து உரக்க வாசித்தா, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புளியமரத்தடியில் நீங்கள் எஞ்சினை நிறுத்தவில்லை என்ற இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "இருங்கோ, ஹெலி இஞ்சை வராது" என்று அவ சொன்னா.

இந்தக் கடிதமும் நம்பிக்கையான கையால்தான் வருகிறது, ஆகவே இரண்டாவது கஸ்கெற்றைப் பற்றி: நீங்கள் எழுதியது சரி, வெட்கமாகத்தான் இருந்தது. சட்டத்துக்கு ஆணி அடிக்கும்போது மனம் கேட்கவில்லை. திரும்பக் கழற்றி மற்றதையும் வைத்தேன்.

இன்னொன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் கார் பார்த்ததற்கு, அது அருமையான கார் என்பது பாதிக் காரணம்தான். எனக்கு இருபத்தேழு வயது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. காரைப் பார்க்கப் பயமில்லை. ஆனால் ஒரேயடியாகப் பார்க்காமல் விடவும் இல்லை. நீலச் சேலை கட்டியிருந்தீர்கள். அது நல்லாக நினைவிருக்கிறது.

என் நிபந்தனைகள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். கூரையில் தாங்கி இருக்கட்டும். கோழியும் இருக்கட்டும். வேண்டியதை எழுதுங்கள், தேடி அனுப்புகிறேன். தகட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அது அந்தக் காரின் பெயர். பெயர் எங்கே போனது என்று தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

சீவரத்தினம்


மட்டுவில்,
2.8.1992

சீவரத்தினம் அண்ணைக்கும் சிவக்கொழுந்து அக்காவுக்கும்,

சேலை நீலம் அல்ல. கத்தரிப்பூ நிறம். மாப்பிள்ளைக்குக் கார்ப் பைத்தியம் என்று தரகர் சொன்னபடியால், காருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பெரியகடையில் மூன்று கடை ஏறி இறங்கி நானே தெரிந்தெடுத்தது. சட்ட இலக்கம் கடைசி எண்வரை நினைவு, சேலை நீலம்! நல்லாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கார் இதுவரை ஏழு தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஏழு பேரும் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். கதிரவேலு பழைய தாங்கியின் ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்துவிட்டான். ஆகவே பம்பின் தாங்கி திரும்பவும் பம்புக்குப் போனது. பம்ப் ஓடத் தொடங்கியதும், ஆடியில் தண்ணீர் கீழே போன நேரம் பார்த்துக் கிணறு இறைத்துத் துப்பரவாக்கினோம். இருபத்தைந்து வருடமாகச் சேறு அள்ளாத கிணறு. அடைக்கலநாதன்தான் உள்ளே இறங்கிச் சேறு அள்ளினான். நான் மேலே நின்று ஒவ்வொரு வாளியையும் கையால் துழாவினேன். நாற்பத்தோராவது வாளியில் கிடைத்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் போன அன்று பின்னேரம் எனக்கு வந்த கோபத்தில், திருப்புளியை எடுத்துப் பின்மூடித் தகட்டை நெம்பிக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தேன். என்னைப் பாராமல் பார்த்த பொருள் அல்லவா! அடுத்த நாள் அப்பா தகட்டைக் காணவில்லை. கடைசியாகக் காரைத் தொட்டுத் தடவியது நீங்கள். தகட்டின் அருமையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள். மாப்பிள்ளை பகுதிதான் கழற்றிக்கொண்டு போனது என்று முடிவுகட்டிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு உங்களுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, இனி எதற்கு என்ற சோம்பல். அப்பா சாகும்வரை அதை நம்பினார். அந்தச் சொல் உங்கள் அம்மாவை அப்படி வாட்டியது என்று உங்கள் முதல் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சமாதானம் அல்ல.

உங்கள் கையில் ஒரு அழுக்கும் இல்லை. இருந்ததெல்லாம் என் கையில். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் மிச்சமிருப்பவர் நாலு பேர். நாலு வீட்டுக்கும் அந்தக் காரிலேயே போய், தகட்டைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். மற்ற வீடுகளில் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

ஒன்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நீங்கள் காரை விட்டு என்னைப் பார்த்திருந்தால், நான் இப்போது ஈஸ்ட் ஹாமில் கம்பளி போர்த்துக்கொண்டு இருந்திருப்பேன். யசிந்தாவுக்கு யார் கார் ஓட்டியிருப்பார்? அக்கா கோபிக்கக் கூடாது, அண்ணை அன்றைக்குச் சரியானதைத்தான் பார்த்திருக்கிறார்.

தகட்டை ஆழ்வாப்பிள்ளை ஐயாவின் மருமகன் கொண்டுவருகிறார். இந்த முறை படத்துக்குப் பின்னால் ஒளிக்கவில்லை.

ஞானாம்பிகை


ஈஸ்ட் ஹாம்,
11.10.1992

தங்கச்சி ஞானாம்பிகைக்கு,

தகடு வந்தது. வெள்ளி உரிந்து, புள்ளி விழுந்து, ஒரு பூச்சியம் பாதி தின்னப்பட்டிருக்கிறது. சிவக்கொழுந்து தேசிக்காய்ப் புளி போட்டு மினுக்கினா. சுவரில் என் அம்மாவின் படம் இருக்கிறது. அதற்குக் கீழே வைத்து, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிய எனக்கு நெடுநேரம் எடுத்தது.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு கிழமை இருந்தது. பிறகு அந்த ஏழு தாய்மாரை நினைத்தேன். நாலு வீட்டுக்கும் போனதை நினைத்தேன். இப்போது இல்லை.

தகட்டைத் திருப்பி அனுப்பமாட்டேன். பத்து லட்சம் என்று எழுதிக்கொண்டு அந்தக் கார் அங்கே ஓடத் தேவையில்லை. பிறேக் றப்பர் இன்னொரு சோடியும் கஸ்கெற் இரண்டும் கிடைத்திருக்கின்றன. இரண்டு என்று ஒளிக்காமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்பும் உங்கள் வீட்டில் கேட்டதுதான். கறுப்பு அப்படியே இருக்கட்டும். உந்தப் பெயின்றை மட்டும் மாத்திப்போடாதேங்கோ.

அண்ணை,
சீவரத்தினம்